நாலு மணி சோதனை

“சார், என்னைக் கேட்ல இருந்து எடுத்துட்டு குடோன்ல போடுங்க. மூட்டை இறக்குற வேலைக்கு.”

ஷஹீர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினான். குமுளி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த சூப்பர் மார்க்கெட்டுக்கு அவன்தான் மேனேஜர். பாலக்காட்டிலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகிறது. எதிரே நின்றவர் செக்யூரிட்டி ஏசுதாஸ். வயது ஐம்பத்தாறு.

“ஏனுங்க அண்ணே, வெளையாடறீங்களா?”

“இல்ல சார், நெசமாத்தான்.”

“பில்லிங்ல இருக்கறவங்க நாள் பூரா நின்னுட்டே இருக்காங்க. பேக்கிங்ல மொளகுத் தூள் மூக்குல ஏறித் தும்மிச் சாகறாங்க. குடோன்ல அம்பது கிலோ மூட்டை. உங்களுக்கு நாற்காலி, ஃபேன், யூனிஃபார்ம். இந்த வேலைக்கு எத்தனை பேர் என் பின்னாடி அலையறாங்க தெரியுங்களா?”

“தெரியும் சார்.”

“சம்பளமும் கொறையும்.”

“பரவால்ல சார். ஏலப்பாறை டீ எஸ்டேட்ல கொழுந்துச் சாக்கு சுமந்த முதுகுதான்.”

“காரணத்தச் சொல்லுங்க.”

ஏசுதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “உக்காந்தே இருந்தா கால் மரத்துப் போகுது சார்.”

அவர் போன பிறகும் ஷஹீருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. நிழலில் உட்கார்ந்து பார்க்கும் வேலையை விட்டுவிட்டு யாராவது மூட்டை தூக்கப் போவார்களா? இதில் வேறு ஏதோ இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அவன் ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டு வந்திருந்தான். நாலு மணிக்கு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவரின் பையையும் கேட்டில் திறந்து பார்க்க வேண்டும். அது ஏசுதாஸின் பொறுப்பு.

கேமரா இருக்கிறதே! பழைய பதிவுகளை ஓட்டிப் பார்த்தான்.

பன்னிரண்டு பெண்கள் வரிசையாக வருகிறார்கள். ஏசுதாஸ் ஒவ்வொரு பையாக வாங்கி எட்டிப் பார்க்கிறார். ஜிஸ்மி வரும்போது மட்டும் ‘போ, போ’ என்று கையை ஆட்டிவிடுகிறார். திங்கள்கிழமையும் அப்படித்தான். செவ்வாயும். புதனும்.

அப்படிப் போகிறதா கதை என்று ஷஹீர் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஜிஸ்மி வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம்தான். பேக்கிங்கில் ஏலக்காய் நிறுத்துப் போடுவது அவள் வேலை. ஒரு கைப்பிடி அள்ளினாலே நல்ல காசு. இத்தனை நாள் அவளைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, இப்போது மாட்டுவதற்குள் கேட்டை விட்டு நழுவப் பார்க்கிறார் மனுஷன்!

மறுநாள் நாலு மணிக்கு ஷஹீரே கேட்டில் வந்து நின்றான்.

“ஜிஸ்மி, பையத் தெறங்க.”

அவள் ஏசுதாஸைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“சார், ஆபீஸ்ல வச்சுப் பாருங்க. இங்க வேண்டாம்” என்று ஏசுதாஸ் குறுக்கே வந்தார்.

“மத்தவங்களுக்கெல்லாம் இங்கதானே பாக்கறீங்க?”

பையை அவனே வாங்கி ஜிப்பை இழுத்தான். டிபன் பாக்ஸ். அதற்கு அடியில், துண்டில் சுற்றிய ஒரு சின்ன பாட்டில். எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். பால்.

“கடைப் பாலை ஊத்தி எடுத்துட்டுப் போறீங்களா?”

பின்னால் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜிஸ்மி ஷாலை நெஞ்சோடு இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“கடைப் பால் இல்ல சார். பிள்ளைக்கு அஞ்சு மாசம். மூணு மணிக்கு டீ குடிக்க விடும்போது பாத்ரூம்ல போய்... எடுக்கலன்னா பால் கட்டிக்கிரும் சார். கீழ கொட்ட மனசு வரல.”

தூக்கிய கையை ஷஹீர் மெல்ல இறக்கினான். இன்டர்வியூவில், “கைக்குழந்தை இருக்கா? இருந்தா இங்க சரிப்படாது” என்று கேட்டவன் அவன்தான். இல்லை என்று சொல்லித்தான் அவள் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

பாட்டிலைத் துண்டில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்து ஜிப்பை மூடினான்.

“பஸ் போயிரும், கெளம்புங்க.”

அவள் நகரவில்லை.

“நாளைக்கும் வரணும்” என்றான். “டீ நேரத்துல என் ரூம் சாவிய வாங்கிக்கங்க. பாத்ரூம் வேண்டாம்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். மற்ற பெண்களையும் அவன் பை பார்க்காமலே அனுப்பிவிட்டான். கேட்டில் அவனும் ஏசுதாஸும் மட்டும்தான் மிச்சம்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க அண்ணே.”

“சொன்னா அந்தப் பிள்ளைக்கு வேலை போயிருமே சார்.”

“சரி, இனி அந்தப் பயம் இல்ல. நீங்க இங்கயே இருக்கலாம். குடோன் எதுக்கு?”

ஏசுதாஸ் தலையை ஆட்டினார்.

“ஜிஸ்மி பைய மட்டுந்தான் சார் தெறக்காம விட்டேன். அதுவும் மொத நாள் பாத்துட்டதுக்கு அப்புறம். மத்த பதினோரு பிள்ளைக பையையும் தெனமும் தெறந்துதான் பாக்கேன். மாசத்துல சில நாள் அதுகளால என் மூஞ்சியப் பாக்க முடியல. என்னால அதுக மூஞ்சியப் பாக்க முடியல. மூட்டை கனத்தா முதுகுதான் சார் வலிக்கும்.”

ஷஹீர் கேட் ஓரத்தில் கிடந்த நாற்காலியைப் பார்த்தான்.

“கேட்டுக்கு ஒரு பொம்பள ஆளப் போடுங்கன்னு உங்ககிட்ட ரெண்டு தடவ கேட்டேன். போஸ்ட் காலி இல்லன்னுட்டீங்க.”

கேட்டது ஷஹீருக்கு ஞாபகம் இருந்தது. தான் சொன்ன பதிலும்தான்.

“அதான் சார், காலி பண்ணிக் குடுக்கேன்” என்றார் ஏசுதாஸ்.