இருபது பார்சல்

“அமானிதம் தம்பி இது. அடுத்தவன் பொருளை நம்ம கைல வெச்சுக்கினு நிம்மதியா தூங்க முடியுமா? ரெண்டு நாளா ஊர்ல இல்ல, இன்னைக்குத்தான் பார்த்தேன்” என்றபடி மஜீது பாய் அட்டைப் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

தீனா பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். ஒட்டிய டேப் அப்படியே இருந்தது.

“டீ சாப்ட்டுப் போங்க பாய்.”

“கடையைச் சாத்திட்டு வந்துகீறேன்பா. மொதல்ல இதுக்குச் சொந்தக்காரனைத் தேடு. அவன் இன்னா பேஜார்ல கீறானோ.”

அவர் படியிறங்கியதும் தீனா பட்டியலில் பத்தொன்பதாவது டிக்கைப் போட்டான்.

டி.எச். ரோட்டில், மருந்துக் கடைக்கு மேலே புதிதாகத் திறந்த ஆபீஸ் அது. தீனா மூன்று மாதமாகத் தற்காலிக ஊழியன். வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தால்தான் ஷாலுவைக் கட்டிக்கொடுப்பேன் என்று அவள் அப்பா வேலப்பன் கறாராகச் சொல்லியிருந்தார்.

அந்தக் கடிதத்துக்கு மானேஜர் மனோகரன் வைத்த தேர்வுதான் இந்த பார்சல்.

“வீடு வீடாப் போய்ப் பேசினா வாய்தான் வலிக்கும். நம்ம திட்டத்துக்கு ஏத்த ஆளுங்க தங்களைத் தாங்களே காட்டிக்கணும். இருபது வீட்டுக்கு ஆளுக்கு ஒரு ஹாட் பாக்ஸ் பார்சல் போடு. கதவு நம்பர் அவங்களோடது, பேரு வேற யாரோடதாவது இருக்கட்டும். அனுப்பினவர் விலாசம் நம்ம ஆபீஸ். திருப்பிக் கொண்டு வந்தா டிக் போடு. புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பட்டியலைக் காட்டு. நல்லா அமைஞ்சா உன் வேலை நிரந்தரம்.”

“என்னா திட்டம் சார்?”

“முதல்ல ஆள் தேறட்டும்.”

நாணயமான வாடிக்கையாளர்களைத் தேடும் இப்படி ஒரு கம்பெனியா என்று தீனா நெகிழ்ந்துபோனான். ‘பிராங்கிளின் தாமோதரன்’ என்று தானே ஒரு பெயரை உண்டாக்கி, இருபது பெட்டியிலும் ஒட்டி, யாரும் பார்க்காத நேரத்தில் வாசல்களில் வைத்துவிட்டு வந்தான். திரும்பக் கொண்டுவந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப மனமில்லாமல், தன் காசில் டீ வாங்கிக் கொடுத்தான்.

புதன்கிழமை ஐந்தரைக்கு மனோகரன் வந்தார். பட்டியலைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினார்.

“பத்தொன்பது டிக்கா?”

“ஆமா சார்” என்று தீனா பெருமையோடு சொன்னான். “ஒண்ணுதான் பாக்கி.”

“யாரு அது?”

“தண்டையார்பேட்டை கெங்கம்மா சார். குடோன்ல கோணி தைக்கிறாங்க. நல்லவங்க, எப்படியும் வந்துடுவாங்க. அவங்க பேரை அடிச்சுடாதீங்க.”

“அடிக்கலைப்பா” என்று மனோகரன் அந்தப் பெயரின் கீழே இரண்டு கோடு போட்டார். “ஆறு மணி ஆகட்டும்.”

கடிகாரம் ஓடியது. பத்தொன்பது போதுமா, இருபதும் வேண்டுமா என்று கேட்கத் தீனாவுக்குத் தைரியம் வரவில்லை. எதிரே சுவரில் மாட்டியிருந்த முருகன் காலண்டரைப் பார்த்துக் கும்பிட்டான்.

ஆறு மணிக்கு மூன்று நிமிடம் இருந்தபோது படியில் மூச்சிரைக்கும் சத்தம். இடுப்பில் பெட்டியோடு ஒரு பெண் வந்து நின்றாள்.

“இன்னா நைனா, மாடிலயா வெச்சுகீறீங்க ஆபீஸை? கால் உட்டுப்போச்சு.”

“கெங்கம்மா அக்கா” என்று தீனா எழுந்து நாற்காலியைத் தள்ளினான்.

“பிராங்கிளின்னு போட்டுகீதுன்னு சர்ச்சுல போய் ஃபாதராண்ட கேட்டேன். தாமோதரன்னும் கீதேன்னு பெருமாள் கோயில் ஐயராண்டயும் கேட்டேன். ரெண்டு எடத்துலயும் அந்தாளு வரவு இல்லியாம். அப்பால பஸ் கண்டக்டர்தான் பொடி எழுத்துல உங்க அட்ரஸ் கீதுன்னு படிச்சுச் சொன்னாரு. ஓரத்துல தண்ணி பட்டு நைஞ்சிருச்சு, டேப்பு வாங்கி ஒட்டிகீறேன். கோச்சுக்காத.”

மனோகரன் மெதுவாகக் கேட்டார்: “வெளியில படம் போட்டிருக்கேம்மா. நல்ல ஹாட் பாக்ஸ். வெச்சுக்கலாம்னு தோணலையா?”

“நல்லாத்தான் கீது சார். ஆனா எங்க வூட்ல சோறு ஆறுறதுக்குள்ள தீந்துடும். இது எதுக்கு?”

தீனா சிரித்துவிட்டான். அவளைக் கீழே டீக்கடை வரை கொண்டுபோய் விட்டு, டீக்குச் சொல்லிவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தான்.

“இருபதுக்கு இருபது சார்!”

மனோகரன் பட்டியலைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். “ஆமா முதலாளி, இந்த ஏரியா நமக்கு ஒத்துவராது. இந்த வாரமே காலி பண்ணிடலாம். சத்தியமா, ஒரு ஆள்கூடத் தேறலை.”

போனை வைத்தவர் தீனாவைப் பார்த்தார். “நாளையிலேர்ந்து நீ வரவேணாம்ப்பா.”

“சார், நான் இன்னா தப்பு பண்ணேன்? எல்லாரும் யோக்கியமானவங்க சார்.”

“அதாம்ப்பா தப்பு. கைக்கு வந்த அடுத்தவன் பெட்டியை அமுக்கிக்கிறவன்தானே, ஆறே மாசத்துல பணம் ரெட்டிப்புன்னு நாம சொன்னதும் வந்து கட்டுவான்?”