கட்டணம் கேட்ட அம்மா

மூன்றாவது மணியில் எதிர்முனையில் போனை எடுத்தார்கள். அதற்குள் அவளுக்கு எட்டு வயது மகள் ஒருத்தி பிறந்திருந்தாள்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர், 'என் பொண்ணுக்கு எட்டு வயசு' என்று காதில் விழுந்ததும் கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி ஐந்து வருடம்தான் ஆகிறது. அவர்களுக்கு இருப்பதோ உள்ளே தூங்கும் ஒன்றரை வயதுப் பையன்.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையை விட்டாயிற்று. மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, பத்து குட்டி நாற்காலிகளும் வாங்கிப் போட்டாயிற்று. 'குழந்தைகளுக்குக் கதை எழுதக் கற்றுத் தருகிறோம்' என்ற நோட்டீஸும் தயார். அதில் கட்டணம் என்ற இடம் மட்டும் காலி. ஐந்து மணிக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

கூடப் போட்டால் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். குறைத்துப் போட்டால் வாடகைக்கே கையைக் கடிக்கும்.

மூன்று தெரு தள்ளி ஏழு வருடமாக இதே வகுப்பை நடத்துகிற டீச்சர் என்ன வாங்குகிறார் என்று தெரிந்தால், அதில் நூறைக் குறைத்துப் போட்டுவிடலாம். நேரில் போய்க் கேட்டால் சொல்வாரா? அதற்காகத்தான் இந்த மகள்.

ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டாள். டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளை என்ன எழுதுவாள் என்று விசாரித்தார்.

ஏதோ எழுதுவாள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

மகள் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்தான் எழுதுவாள் என்றாள். தப்பான பட்டனை அழுத்தியதற்காக லிஃப்டிடம் மன்னிப்புக் கேட்டு, ஒரு பக்கக் கடிதத்தை அதன் கதவிலேயே ஒட்டியவள் என்றாள். எந்தக் கதையையும் முடிக்க மாட்டாள், முடித்துவிட்டால் அதில் இருப்பவர்கள் எல்லாரும் எங்கே போய்ப் படுப்பார்கள் என்று கேட்டு அழுவாள் என்றாள்.

சொல்லும்போது அவளுக்கே இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றோமே என்று பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்காரர் ஒரு துண்டுத் தாளில் 'ஃபீஸ்' என்று எழுதி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். லிஃப்ட் கதவில் இருந்த கடிதத்தைக் கிழிக்க மனம் வராத வாட்ச்மேன் ஒருவரை அப்போதுதான் கதையில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்த வாட்ச்மேனுக்கே ஐந்து நிமிடம் போனது.

டீச்சர் 'ம்... ம்...' கொட்டிக்கொண்டே இருந்தார். ஆள் கதையில் அப்படியே விழுந்துவிட்டார் என்று நினைத்தாள். ஏமாற்றுகிறோமே என்று கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

"குழந்தைங்களுக்கு மாசம் ஆயிரத்து இருநூறும்மா, தாராளமா உங்க நோட்டீஸ்ல போட்டுக்கங்க" என்றார் டீச்சர். "புதுசா கிளாஸ் ஆரம்பிக்கிறதுக்கு இப்படி ஃபீஸ் கேட்டு போன் பண்ண அம்மாக்கள்ல நீங்க நாலாவது. மத்த மூணு பேரோட பிள்ளைங்களும் சுமார்தான். உங்க பொண்ணு நல்லா வந்திருக்கா. அந்த வாட்ச்மேன்தான் கொஞ்சம் இழுக்கறாரு."

அவளுக்குக் காது சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர்களுக்கும் வகுப்பு நடக்கிறது, அதற்கு மூவாயிரம் என்று சொல்லிவிட்டு டீச்சர் போனை வைத்தார்.

அவள் போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பாதி வெட்கம். மீதிப் பாதியில், நல்லா வந்திருக்கா என்ற சொல் இனித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, நோட்டீஸை இழுத்து வைத்து, பேனாவைத் திறந்தார்.

"எவ்வளவாம்?"

"யாருக்கு?" என்றாள் அவள்.