பச்சை வீட்டுச் சம்பந்தம்

"மாப்பிள்ளை வீடு சிகப்பா, பச்சையா? அதை மட்டும் சொல்லுங்க நர்ஸம்மா."

ஜாஹிரா பீவி வித்யாலட்சுமியின் கையை விடவில்லை.

வடகரையில் வீடு வீடாகக் கணக்கெடுத்தவள் வித்யாலட்சுமி. பெரிய நோய் இருக்கும் வீடு சிகப்பு, இல்லாத வீடு பச்சை. சிகப்பு அதிகமுள்ள தெருக்களுக்கு மட்டும் டாக்டர் வேன் வரும்.

"வெளிய சொன்னா என் வேலை போயிரும்க்கா."

"ஒத்தப் பொம்பளப் பிள்ள. அவ வாப்பா சவூதியில கிடக்காவ. நான்தானே விசாரிக்கணும்?"

"பச்சைதான்க்கா."

ஜாஹிராவுக்குப் போன உயிர் வந்தது. உடனே மாப்பிள்ளையின் உம்மாவுக்குப் போன் போட்டாள். "நாளைக்கே பூ வைக்க வாங்க மைனி!"

வித்யாலட்சுமி வாசலிலேயே நின்றாள்.

"என்ன நர்ஸம்மா, மூஞ்சி இருண்டு கிடக்கு?"

"உங்க மவ ஜுஹைனா நெஞ்சுல ஓட்டை இருக்கது தெரிஞ்சா கல்யாணம் நடக்காதுன்னு அழுது, இந்த வீட்டைப் பச்சையாக்கச் சொன்னீங்கல்லா?"

"மெல்லப் பேசுங்க! அதுக்கென்ன இப்ப?"

"மாப்பிள்ளையோட உம்மாவும் அப்படித்தான் அழுதாவ."

ஜாஹிரா அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"சரி... கல்யாணம் முடியட்டும். ரெண்டு பேரையும் டாக்டர் வேன்ல ரகசியமாக் காட்டிக்கிடுதோம்."

"வேன் இனிமே வராதுக்கா. கல்யாண வயசுல பிள்ள இருக்க அத்தனை வீட்டுலயும் இதையேதான் கேட்டாவ. உங்க தெரு, அவங்க தெரு, ரெண்டுமே இப்ப முழுப் பச்சை."