நல்ல சேதிக்குத் திறக்கும் டப்பா

ஊரார் தின்னும் சர்க்கரையைக் குறைக்க, வீட்டுக்கு வீடு புத்தியுள்ள சர்க்கரை டப்பா வந்துவிட்டது. நல்ல சேதி சொன்னால்தான் திறக்கும். சொல்கிறவர் குரலில் மெய்யான சந்தோஷமும் இருக்க வேண்டும்.

கோபி ஊரில் நாச்சிமுத்து காலையிலிருந்து அதன்முன் நடந்து நடந்து தரையில் வாய்க்காலே வெட்டிவிட்டார்.

"நம்ம எருமை மூணு கன்னு போட்டுருச்சு!"

டப்பா அசையவில்லை.

"ஏனுங்க, நம்மகிட்ட எருமையே இல்லியே," என்றாள் மனைவி பாவாத்தாள். "புள்ளைக்குக் கோர்ட்டுல தீர்ப்பு வர்ற நாளு. உங்களுக்குச் சக்கரைக் காப்பி கேக்குதாக்கும்?"

அந்தத் தீர்ப்பை நினைத்துத்தான் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகள் யாழினி புருஷனை விட்டு விலகினால் தெரு என்ன பேசும்? விவாகரத்து கிடைக்கக் கூடாதென்று ரகசியமாக வேண்டிக்கொண்டும் இருந்தார்.

மதியம் யாழினி வாசலில் வந்து நின்றாள். "அப்பா, விவாகரத்து குடுத்துட்டாங்க."

பாவாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்தினாள். சமையலறையில் 'டக்'கென்று டப்பா திறந்துகொண்டது.

நாச்சிமுத்து திகைத்தார். பொங்கலுக்கு வந்தவள் "நல்லாத்தான் இருக்கேனுங்கப்பா" என்றபோது இது இம்மியும் அசையவில்லை. பழுதென்று திட்டி ஒரு குத்தும் விட்டிருந்தார்.

கை நிறையச் சர்க்கரையை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். "வாயைத் தொற, கண்ணு."

"என்னுங்க விசேசம்?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"எம்புள்ள ஊட்டுக்கு வந்துட்டாளுங்க!"

அவர் போட்ட சத்தத்தில் தெருவிலிருந்த டப்பாக்கள் எல்லாம் டக் டக்கென்று திறந்துகொண்டன.