மாதாவின் நீலம்

1943 புயலுக்கு முந்திய மாலையில் வானம் ரத்தமாய்ச் சிவந்தது. சாந்தோம் கரையில் உட்கார்ந்து ஓவியர் ஆம்ப்ரோஸ் அதை வரைந்தார். அந்தப் படம்தான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. அதன் பிறகு அவர் பூசும் நீலமெல்லாம் விடிந்தால் அதே சிவப்பாய்க் காய்ந்திருக்கும். கோயில் திருநாளுக்காக வரைந்த மாதாவின் அங்கியும் அப்படித்தான்.

“இன்னா சாரு, மாதாவுக்கு இன்னைக்கும் செவப்புதானா?” என்றாள் மீன் கொண்டுவந்த அல்போன்சா. அவள் புருஷன் காஸ்பர் அந்தப் புயலில் கரை திரும்பவில்லை.

“நீலம்தான் பூசினேன்.”

“அன்னிக்கு நீங்க வானத்தையே பாத்துக்கினு இருந்தீங்களாம். எங்க வூட்டுக்காரரு கட்டுமரத்துல நின்னு கையை ஆட்டி ஆட்டிக் கூப்ட்டாராம். குப்பத்துக்கு ஒரு சத்தம் குடுத்திருந்தா போதுமாம்.”

“கடல்ல யாரும் இல்லையே. யார் சொன்னது?”

“அவருதான். அந்தப் புயல் படத்துல அவரையும் போடுங்க சாரு. நீலம் நிக்கும்.”

அன்று பகலிலேயே ஆம்ப்ரோஸ் புயல் படத்தில் காஸ்பரை வரைந்தார், கை தூக்கியபடி. பிறகு அங்கிக்கு மறுபடியும் நீலம் பூசினார். விடிந்தபோது அது நீலமாகவே இருந்தது.

மாதா படத்தை எடுத்துப்போக வந்த பங்குச் சாமியார், கூடத்தில் மாட்டியிருந்த புயல் படத்தின் முன் நின்றுவிட்டார்.

“இவன் யாரையோ கூப்பிடுறானே, ஆம்ப்ரோஸ். கரையில யார் இருந்தா?”

ஆம்ப்ரோஸ் மாதா படத்தைத் துணியில் சுற்றத் தொடங்கினார். வழக்கம்போல் மீனோடு வந்திருந்த அல்போன்சா, கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க சாரு. ராத்திரி அவரு வந்து எங்கிட்ட கேப்பாரு.”