நாற்பத்தோரு காலி ஓடுகள்

நாற்பத்தோராவது ஓடும் காலி.

அவன் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் நம்ப வேண்டியிருக்கும்.

கண்ணாடி மணி போல ஓர் ஓடு. கடலில் மிதக்கும் ஒற்றைச் செல் உயிர் தனக்குத் தானே கட்டிக்கொண்ட வீடு. வீடு இருந்தது. ஆள் இல்லை.

அவனுடைய ஆய்வே அந்த ஆளின் உட்கருவைப் பற்றித்தான்.

"நாளைக்கு, உள்ள செல் இருக்கிற ஒண்ணையாவது காட்டணும் தம்பி. இல்லேன்னா தலைப்ப மாத்திட்டு இறால் நீளம் அளக்கப் போ," என்றிருந்தார் வழிகாட்டி யூனிஸ் மேடம்.

துறையில் ஏற்கெனவே ஒன்பது பேர் இறால் அளந்துகொண்டிருந்தார்கள். இறால் அவ்வளவாக வளரவில்லை. ஆய்வேடுகள் வளர்ந்தன.

துறை வழக்கம் எளிது. வலையை இழு. பதப்படுத்த ஃபார்மலினை ஊற்று. பிறகு யோசி.

வேறு வழியில்லாமல், ஃபார்மலின் படாத கடல்நீர் ஒரு சொட்டை வைத்துப் பார்த்தான்.

ஆள் இருந்தது.

ஓட்டின் அடியில் சிறு காம்பால் ஒட்டிக்கொண்டு, வாயைச் சுற்றி மயிரிழைகளைச் சுழற்றிக்கொண்டு, ஜோராக இருந்தது.

அவன் முழங்கை மேசையில் இடித்தது.

அது சட்டென்று ஓட்டின் அடிக்குச் சுருங்கியது.

இன்னொரு இடி. காம்பை விட்டது. வீட்டைப் போட்டது போட்டபடி ஓடிப்போனது.

நாற்பத்தோரு பேரையும் இப்படிக் குலுக்கி விரட்டியது அவன்தான்.

மறுநாள் காலை வலையில்லாமல், வெறும் வாளியோடு துறைமுகத்துக்குப் போனான். பைக்கைத் தொடவில்லை. திரும்பி இரண்டு கிலோமீட்டர், தளும்பாமல் நடந்தான்.

"என்ன தம்பி, கல்யாணப் பாயசமா?" என்றார் ஒரு படகுக்காரர்.

பதினோரு மணிக்கு லென்ஸுக்கடியில் ஒன்று. வீட்டோடு, ஆளோடு. உடலுக்குள் மங்கலாக இரண்டு உருண்டைகள். உட்கருக்கள்.

மாடிப்படியில் மேடத்தின் ஹீல்ஸ் செருப்பு.

டொக். டொக்.

அந்தச் சத்தத்துக்கு ஆய்வகமே பின்கதவு வழியாகக் காலியாவது வழக்கம். ஆனது. எட்டு முக்காலிகள், ஆளில்லாமல்.

அவன் கால்களும் எழுந்துவிட்டன.

லென்ஸுக்கடியில் அது அடிக்குச் சுருங்கியது.

அவன் உட்கார்ந்தான்.

"மேடம்." குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "செருப்பக் கழட்டிட்டு வர முடியுங்களா?"

டொக் நின்றது.

செருப்பைக் கழற்றி வைக்கும் மெல்லிய சத்தம்.

ஓட்டின் வாயில் ஒரு மயிரிழை எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று.

தோளருகே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

அவன் முக்காலியிலிருந்து, சத்தமில்லாமல், நகர்ந்து இடம் விட்டான்.