நல்ல தண்ணி எஞ்சின்

எஞ்சின் இன்றைக்கும் மில் காலனி வளைவில் வந்து நின்றது.

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை. அதே வளைவு, அதே உடைமரம்.

"பாத்தீங்களா ஃபோர்மேன் அண்ணாச்சி? கோடு போட்டு வச்சாப்புல இங்கனதான் நிக்குது" என்றார் மில் முதலாளி விஜயராஜ். "எஞ்சின்ல கோளாறுன்னா சொல்லுங்க, செலவழிக்கேன். டிரைவர் கையில கோளாறுன்னா அதையும் சொல்லுங்க. இந்த எடத்துலயே எறக்கி விட்டுருதேன்."

தங்கப்பாண்டியன் வேட்டியை மடித்துக் கட்டினார். ரயில்வேயில் ஃபோர்மேனாக முப்பத்தொரு வருடம் நீராவி எஞ்சினோடு மாரடித்து ஓய்வு பெற்றவர். இதற்கென்றே முதலாளி கார் அனுப்பி வரவழைத்திருந்தார்.

ஒரு காலத்தில் பஞ்சுப்பொதி இழுத்த குட்டி எஞ்சின் அது. இரண்டடி அகலத் தண்டவாளம். மில்லில் பாதி மெஷினை நிறுத்தி, ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய மறுவருடம் முதலாளிக்குப் பழமையின் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. துருவைச் சுரண்டி, பச்சைப் பெயின்ட் அடித்து, 'பாரம்பரிய ரயில்' என்று போர்டு மாட்டினார். நான்கு கிலோமீட்டருக்குத் தலைக்கு ஐம்பது ரூபாய். கடலைமிட்டாய் இலவசம்.

கரிசலின் உப்புத் தண்ணீர் எஞ்சினுக்கு ஆகாது. பாய்லருக்குள் பொருக்குப் படிந்து குழாய்களை அடைத்துவிடும். அதனால் வாரா வாரம் அதற்கு லாரியில் நல்ல தண்ணீர் வந்தது.

மில் காலனிக்காரர்களுக்குள் பாய்லர் எதுவும் இல்லை. எனவே அவர்களுக்கு உப்புத் தண்ணீர் போர்வெல். நல்ல தண்ணீர்க் குழாயில் பதினெட்டு நாளைக்கு ஒரு தடவை காற்று வரும்; அதற்குப் பின்னால் கொஞ்சம் தண்ணீரும் வரும்.

டிரைவர் மாடக்கண்ணு கீழே குதித்தான். மில் பாய்லரில் வேலை பார்த்தவன். வீட்டுக்கு அனுப்பிய நூற்றுச் சொச்சம் பேரில் இவன் ஒருவனைத்தான் திரும்ப எடுத்திருந்தார்கள்.

"தொட்டித் தண்ணி பாய்லருக்கு ஏற மாட்டேங்குது மொதலாளி. தண்ணி உறிஞ்சுத இஞ்செக்டர் காத்து வாங்குது. இதுக்கு மேல நெருப்பு வச்சிருந்தா வெடிச்சிரும்."

நெருப்பை வாரிக் கீழே தள்ளினான். எஞ்சினை இழுத்துப் போக வழக்கம்போல டிராக்டருக்கு ஆள் போனது. தண்ணீர்ப் பாரத்தோடு டிராக்டர் மேடேறாது. எனவே வழக்கம்போல தொட்டியைத் திறந்துவிட வேண்டும்.

மதுரையிலிருந்து வந்திருந்த குடும்பம் இறங்கி, எஞ்சினைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்தது. ஓடுகிற எஞ்சினில் இந்த வசதி கிடையாது.

தங்கப்பாண்டியன் எஞ்சினுக்கு அடியில் நுழைந்தார்.

தோட்டத்தில் பம்ப்செட் வைத்திருக்கிற எவனுக்கும் தெரிகிற சங்கதிதான். உறிஞ்சுகிற குழாயில் நூலளவு இடைவெளி இருந்தால் போதும், காற்று புகுந்து தண்ணீர் ஏறாது. அந்தக் குழாயை இறுக்கும் நட்டைக் காலையில் ஷெட்டில் வைத்து அவரே முறுக்கிப் பார்த்திருந்தார். இப்போது அரைச்சுற்று தளர்ந்திருந்தது. நட்டின் விளிம்பில் ஸ்பேனர் கடித்த தடம் புதுசாகப் பளபளத்தது.

தலையைத் திருப்பினார். சக்கரத்துக்கு அந்தப் பக்கம் மாடக்கண்ணு குத்தவைத்திருந்தான்.

"ஆட்டத்துல லூசாயிருக்கும் அண்ணாச்சி."

"ஆட்டத்துக்குப் பல்லு இருக்காலே?"

அவன் ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

தங்கப்பாண்டியனுக்குப் பிடரியில் சுர்ரென்று ஏறியது. எஞ்சினைக் கெடுக்கிறவனை அவர் சர்வீஸில் மன்னித்ததில்லை. இரண்டு பேருக்குச் சீட்டுக் கிழித்திருக்கிறார். ஊர்ந்து வெளியே வந்தார். முதலாளியைத் தேடினார்.

முதலாளி தொட்டிக் குழாயருகே நின்றிருந்தார். காலனிப் பெண்களின் குடங்களில் தண்ணீர் விழ, ஒரு குடத்தில் கையை வைத்தபடி கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீணாகப் போகிற தண்ணீரில் தர்மம் செய்கிறவரின் முகம் ரொம்பவும் கனிந்திருந்தது.

அவர் முதுகுக்குப் பின்னால் சண்டை.

"ஏட்டி ராதாமணி, குடத்த எடு! அது என் எடம். விடியக்கால அஞ்சு மணிக்குச் செங்கல்லு போட்டு வச்சிருக்கேன்!"

"ஒனக்கு முன்னாடி நான் போட்டாச்சு. நேத்து ராத்திரியே ஓடு வச்சிட்டுத்தான் படுத்தேன்."

தங்கப்பாண்டியன் நின்றுவிட்டார்.

தண்டவாளத்தை ஒட்டி உடைமரம் வரைக்கும் வரிசை போயிருந்தது. குடம், குடம், பாதிச் செங்கல், குடம், ஓட்டுச்சில், பெயர் எழுதிய பெயின்ட் டப்பா. ஊர்களில் தண்ணீர் லாரி வருகிற நாளில் தெருமுனையில் இடம்பிடித்து வைப்பது போலவே.

இங்கே தெருமுனையும் இல்லை, குழாயும் இல்லை, லாரி வருகிற பாதையும் இல்லை.

முதலாளியும் அந்த வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோவில் குடங்கள் நேராக விழ வேண்டும் என்பது அவர் கவலை.

தொட்டி குளுகுளுவென்று கடைசி மூச்சு விட்டு நின்றது. வரிசையின் வாலில் ஏழெட்டுக் குடம் காலியாகவே திரும்பியது.

"என்ன அண்ணாச்சி, கண்டுபிடிச்சாச்சா?" முதலாளி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எவன் கோளாறு?"

மாடக்கண்ணு எஞ்சினுக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றான்.

தங்கப்பாண்டியன் கையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைப் பழந்துணியில் நிதானமாகத் துடைத்தார்.

"டிரைவர் கை சுத்தம். பழைய எஞ்சின் அண்ணாச்சி, அப்பப்ப நிக்கத்தான் செய்யும். கோளாறு உங்க கிட்டதான்" என்றார். "தொட்டிய முக்காலோட நிப்பாட்டுதீங்கள்லா? அடுத்த வாரத்துலேருந்து வாய் முட்ட ரொப்பி அனுப்புங்க."